சோக் போட்டால் மட்டும் ஓடும் வண்டி: காபரேட்டரை எப்படிச் சுத்தம் செய்வது?

சாம்பல்தீவு வாசி | சனி, இரவு 8.40

வணக்கம். அப்பாவின் பஜாஜ் சிடி 100 ஐந்து மாதமாக ஓடாமல் நின்றுவிட்டது. அப்பாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. நான் கொழும்பில் வேலை செய்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கிடுகுக் கொட்டிலுக்குள் விட்ட வண்டியை மாசியில்தான் வெளியே எடுத்தேன். வீட்டிலிருந்து கடல் நடந்து போகும் தூரம்தான்.

சோக் போட்டு உதைத்தால் இயங்குகிறது. சோக்கை எடுத்தவுடன் நின்றுவிடுகிறது. அக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, கையை விட்டால் அணைந்துவிடுகிறது. பிளக் மாற்றினேன், பயனில்லை. நகரில் ஒரு கராஜில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் காபரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. வண்டி வாங்கிய நாள் முதல் அதே காபரேட்டர்தான் என்கிறார்.

நானே சுத்தம் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒருவர் ஸ்பிரே அடி என்கிறார். பக்கத்து வீட்டு மாமா மண்ணெண்ணெயில் ஊறப்போடச் சொல்கிறார். வீடியோ ஒன்றில் தேசிக்காய்ச் சாற்றில் அவிக்கிறார்கள். எது சரி?

கந்தளாய் 125 | சனி, இரவு 9.05

காபரேட்டருக்குள் பெற்றோல் போகும் சிறு துளையுள்ள பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. காபரேட்டரின் அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டை எடுத்து, மெல்லிய கம்பியாலோ ஊசியாலோ குத்திவிடுங்கள். அரை மணித்தியால வேலை. நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

கிண்ணியா நானா | சனி, இரவு 10.22

தம்பி, கந்தளாய்த் தம்பி நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. கம்பியைத் தொடாதீர்கள்.

முதலில் நோய். ஐடிலில், அதாவது அக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடி நிற்கும்போது, எஞ்சினுக்குப் பெற்றோல் பைலட் ஜெட் வழியாகத்தான் போகிறது. அக்சிலேட்டரைத் திருகினால் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு மேலே ஏறி, அதிலுள்ள ஊசியும் மெயின் ஜெட்டும் வேலையைப் பொறுப்பேற்கின்றன. உங்கள் வண்டி அக்சிலேட்டரில் ஓடுகிறது, ஐடிலில் சாகிறது, சோக் போட்டுப் பெற்றோல்-காற்றுக் கலவையைச் செறிவாக்கினால் பிழைக்கிறது. ஆகவே பைலட் வழியில்தான் அடைப்பு. ஆனால் இதே அறிகுறியைக் காட்டும் இன்னொரு குறையும் உண்டு. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இறப்பர் வெடித்திருந்தால் அதன் வழியாகக் காற்று உள்ளே போய் இப்படியே செய்யும். அந்த இறப்பரை விரலால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் மூன்று முறை காபரேட்டரைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கம்பி. ஜெட் பித்தளை, மென்மையான உலோகம். கெய்ஹின் ஜெட்டில் 35 என்று பொறித்திருந்தால் துளை 0.35 மில்லிமீற்றர் என்று பொருள். 38 என்றால் 0.38. இரண்டுக்கும் இடையில் மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்குதான் வித்தியாசம். அவ்வளவு நுணுக்கமாகத் துளைத்த ஒன்றுக்குள் இரும்பு ஊசியை விட்டுக் குடைந்தால் அது இனி 35 அல்ல. வண்டி ஓடும், ஆனால் பெற்றோல் குடிக்கும், பிளக் கறுக்கும். பத்து வருடமாகக் குத்துகிற தம்பி ஒரு புது ஜெட்டைப் போட்டு ஓடிப் பார்க்கட்டும். வித்தியாசம் அவருக்கே தெரியும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்பிரேயா, மண்ணெண்ணெயா, தேசிக்காயா என்று கேட்பதற்கு முன் உள்ளே இருப்பது என்ன அழுக்கு என்று பாருங்கள். நம் பக்கத்தில் நான் காண்பது மூன்று வகை. பெற்றோல் காய்ந்து பிசின்போல ஒட்டியது ஒன்று. அது தேன் நிறத்தில் இருக்கும், பழைய வாணிசு மணக்கும். நீர் நின்று உலோகம் பூத்தது இன்னொன்று. அலுமினியத்திலும் நாகத்திலும் (சிங்க்) வெள்ளை மா, பித்தளையில் பச்சை. மூன்றாவது, பெற்றோல் தாங்கியிலிருந்து வந்த துருவும் கச்சான் காற்றுக் காலத்துத் தூசும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது.

நாளை காலை எதையும் கழற்றாதீர்கள். கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகாணி இருக்கும். கண்ணாடி ஜாம் போத்தல் ஒன்றைப் பிடித்து அதைத் திறந்து, வருவதை அப்படியே வைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

தங்கூசி | ஞாயிறு, காலை 5.50

நான் மூதூர். வள்ளத்து எஞ்சினும் இரண்டு மோட்டார் சைக்கிளும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஜெட் குத்தக் கம்பி கூடாது என்பதற்காக ஒன்றும் செய்யாமல் விடவும் முடியாது, சில அடைப்புகள் காற்றுக்கு அசையாது. நாங்கள் தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், பாவிப்போம். தூண்டிலுக்கு உள்ள மிக மெல்லியது, 0.20 மில்லிமீற்றர். நுனியைப் பிளேடால் சரித்து வெட்டினால் ஜெட்டுக்குள் நுழையும். நைலோன் பித்தளையைக் கீறாது. முதலில் ஜெட்டை ஊறப்போட்டு, பிறகு தங்கூசியை விட்டு, பிறகு காற்றடிக்க வேண்டும். காய்ந்த நிலையில் தள்ளினால் நைலோன் மடங்கிவிடும்.

எந்தக் கடையிலும் ஒரு சுருள் வாங்கலாம். ஆயுளுக்கும் போதும்.

கிண்ணியா நானா | ஞாயிறு, காலை 7.15

இதை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். கடைப் பையனுக்கும் இன்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

சாம்பல்தீவு வாசி | ஞாயிறு, காலை 10.31

நானா, வடித்துவிட்டேன். இறப்பரில் வெடிப்பு இல்லை. போத்தலில் மேலே மங்கிய மஞ்சள் பெற்றோல். அடியில் தெளிவாக, உருண்டை உருண்டையாக ஏதோ தனியாக நிற்கிறது, ஆட்டினால் சேர்ந்து ஓடுகிறது. இரண்டு தேக்கரண்டி வரும். அதற்குள் செங்கல் தூள்போலக் கொஞ்சம் கிடக்கிறது.

கிண்ணியா நானா | ஞாயிறு, காலை 10.48

அந்த உருண்டை நீர். பெற்றோலைவிடப் பாரம் கூடியது, அதனால் அடிக்குப் போய் நிற்கிறது. ஜெட்களும் கிண்ணத்தின் அடியில்தான் இருக்கின்றன. ஐந்து மாதம் நீருக்குள் நின்றிருக்கின்றன. செங்கல் தூளை மறந்துவிடாதீர்கள், அதைப் பற்றிப் பிறகு கதைப்போம். இப்போது கழற்றலாம்.

உவர்மலை | ஞாயிறு, நண்பகல் 12.20

தம்பி, நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பொறிமுறை கற்பித்து ஓய்வுபெற்றவன். கழற்றுவதற்கு முன் சில விடயங்கள்.

தாங்கிக்குக் கீழுள்ள பெற்றோல் டெப்பை மூடுங்கள். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து போகும். பத்தடி தள்ளி எரியும் அடுப்பு அதற்குத் தூரமே இல்லை. குசினி வாசலில் வைத்துக் கழுவிய வீடொன்றில் என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

கிண்ணத்தின் திருகாணிகள் உப்புக்காற்றில் இறுகியிருக்கும். அவை யப்பானிய வகை, சாதாரண நட்சத்திரத் திருப்புளி சரியாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். திருப்புளியைத் தலையில் வைத்துப் பின்னால் இரண்டு தட்டு தட்டி, அழுத்திக்கொண்டே திருப்புங்கள். அசையாவிட்டால் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்றுப் பொறுங்கள்.

ஐடில் கலவையைச் சரிசெய்யும் காற்றுத் திருகாணியை எடுப்பதற்கு முன், அதை உள்ளே மெதுவாக முடியும் வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கிவிடாதீர்கள், கூர்நுனி அதன் இருக்கையை வெட்டிவிடும். அது காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் செறியும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு வருடக்கணக்காக வண்டியோடு போராடுகிறவர்கள் உண்டு. எஞ்சின் பக்கத் திருகாணி என்றால் அதற்குள் சுருள்வில், வளையம், சிறிய இறப்பர் மூன்றும் இருக்கும். அந்த இறப்பரைத் தொலைத்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் ஐடில் நிற்காது.

கிண்ணத்துக்குள் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஊசியச்சை அடித்துத் தள்ளாதீர்கள். அதைத் தாங்கும் இரண்டு கால்களும் வார்ப்பு, பிஸ்கட்போல முறியும். முறிந்தால் அந்தக் கராஜ் சொன்னதுதான் முடிவு.

தம்பலகாமம் டீச்சர் | ஞாயிறு, மாலை 4.02

நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன், ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். தேசிக்காய்ப் பேச்சுக்கு ஒரு விளக்கம் தரலாம் என்று நினைக்கிறேன்.

காய்ந்த பெற்றோல் பிசின் ஒரு சேதனப் பொருள். அமிலம் அதைக் கரைக்காது. ஆகவே பிசின் பிடித்த காபரேட்டரைத் தேசிக்காய்ச் சாற்றில் எத்தனை மணி நேரம் அவித்தாலும் வீண். அதற்குக் கரைப்பான் வேண்டும். காபரேட்டர் ஸ்பிரேயோ புதுப் பெற்றோலோ அதைச் செய்யும். மண்ணெண்ணெய் மெதுவாக இளக்கும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், பிறகு பெற்றோலால் கழுவ வேண்டும்.

வெள்ளை மாவும் பச்சையும் வேறு. அவை உலோகச் சேர்வைகள், சித்திரிக்கமிலம் அவற்றைக் கரைக்கும். ஆனால் அந்த அமிலம் அங்கே நின்றுவிடாது. காபரேட்டர் உடல் அநேகமாக நாகக் கலப்புலோகம் அல்லது அலுமினியம். நாகம் அமிலத்தோடு தாக்கமுற்று ஐதரசனை விடும் என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். பாத்திரத்தில் எழும் சிறு குமிழிகள் அழுக்கு மட்டும் போவதன் அடையாளம் அல்ல, உங்கள் காபரேட்டரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. செய்தே ஆக வேண்டும் என்றால் இறப்பர் எல்லாம் கழற்றி, நீர் கலந்த சாற்றில் பத்து நிமிடம், பிறகு நன்றாகக் கழுவி, அப்பச்சோடா கரைத்த நீரில் ஒரு முறை, மறுபடி நல்ல நீர், உடனே காற்றடித்துக் காயவைத்தல். உடுப்புத் தோய்க்கும் காரப் பொருள்களை விடவே கூடாது. நாகத்தையும் அலுமினியத்தையும் காரமும் தின்னும்.

கந்தளாய் 125 | ஞாயிறு, மாலை 4.40

டீச்சர், எனக்கு இது தெரியாது. போன வருடம் அவித்த காபரேட்டர் ஒன்று சாம்பல் நிறமாகிப் போனதன் காரணம் இப்போது புரிகிறது.

ஆனால் நானாவிடம் ஒரு கேள்வி. ஸ்பிரே ஒரு டப்பா விலையில் நான் ஒரு வாரம் வண்டி ஓட்டுவேன். எல்லாருக்கும் அது கட்டுப்படியாகுமா? கம்பியால் குத்துகிறவன் அறியாமையால் மட்டும் குத்துவதில்லை.

கிண்ணியா நானா | ஞாயிறு, இரவு 9.30

நியாயமான கேள்வி தம்பி. நேற்று நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரே இல்லாமலே பெரும்பாலான காபரேட்டர்களைச் சுத்தம் செய்யலாம். 2022 ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாடு நினைவிருக்கும். வரிசையில் நின்று, கியூஆர் குறியீடு வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று ஓடிய காலம். மாதக்கணக்கில் நின்ற வண்டிகள், கானில் சேமித்துப் பழசான பெற்றோல், அதோடு மண்ணெண்ணெய் கலந்தது. அந்தக் காலத்தில் என்னிடம் வந்த காபரேட்டர்களுக்கு ஸ்பிரே வாங்க வழியே இல்லை. ஜெட்களையும் உடலையும் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, ஒரு தேநீர்க் கோப்பை பெற்றோலால் கழுவி, ரயர் கடையில் காற்றடித்துக்கொண்டேன். பத்தில் எட்டு வண்டி எழுந்தது.

காசு செலவழிக்க வேண்டிய இடம் காற்று. காபரேட்டர் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத வழிகள் உண்டு. பைலட் ஜெட்டிலிருந்து எஞ்சின் பக்கம் போகும் இரண்டு மூன்று ஊசித் துளைகள் ஸ்லைடுக்கு அடியில் இருக்கும். ஜெட்டைப் பளபளப்பாக்கிவிட்டு இந்த வழியை விட்டுவிடுவதுதான் அதிகமாக நடக்கும் பிழை. ஒரு பக்கம் காற்றடித்து, மறுபக்கம் வெளிவருவதை விரலில் உணர வேண்டும். மிதவையைக் கழற்றாமல் காற்றடிக்கக் கூடாது, நசுங்கிவிடும். ஸ்பிரே அடித்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத இன்னொரு துளையால் நேரே முகத்துக்கு வரும். யமஹா எப்இசட் 16 போன்ற வெற்றிட வகைக் காபரேட்டர்களில் மேல்மூடிக்குள் மெல்லிய இறப்பர்ச் சவ்வு இருக்கிறது. ஸ்பிரேயும் தின்னரும் அதில் பட்டால் ஊதி விரிந்து மூடிக்குள் திரும்ப அடங்காது.

உவர்மலை | திங்கள், காலை 6.10

எதற்கும் மசியாத காபரேட்டருக்கு இன்னொரு வழி உண்டு. நகைக்கடைகளிலும் மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் மீயொலித் தொட்டி வைத்திருப்பார்கள். நீரில் கோடிக்கணக்கான நுண்குமிழிகள் தோன்றி வெடித்து, தூரிகை போகாத இடத்திலும் அழுக்கைக் கிளப்பும். எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் வீட்டில் கழுவிய பிறகு, தெரிந்தவர் யாரிடமாவது பணிவாகக் கேட்டால் செய்து தருவார்கள். தொட்டிக்குள் பெற்றோல் ஊற்றலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது தீ விபத்து.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, நம் பழைய வண்டிகள்தான் இத்தனை வருடம் நம்மைச் சுமந்தன. அவற்றின் காபரேட்டர்களைக் காப்பாற்றத் தெரிந்த கைகள் ஊருக்கு வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாம்பல்தீவு வாசி | திங்கள், மாலை 6.45

முடித்துவிட்டேன். வண்டி ஐடிலில் நிற்கிறது!

கிண்ணத்துக்குள் ஒரு பக்கம் வெள்ளை பூத்திருந்தது. பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை, முழு அடைப்பு. மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறியும் அசையவில்லை. தங்கூசி அண்ணா சொன்னபடி நுனியைச் சரித்து வெட்டி, பெற்றோலில் நனைத்து நனைத்துச் சுழற்றினேன். பச்சை நிறத்தில் ஒரு துணுக்கு வெளியே வந்தது. பிறகு துளைக்குள் வட்டமாக வெளிச்சம் தெரிந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிண்ணத்தை மட்டும் டீச்சர் சொன்ன கணக்கில் பத்து நிமிடம் தேசிக்காய் நீரில் வைத்துக் கழுவினேன். காற்றுத் திருகாணி ஒன்றேமுக்கால் சுற்றில் இருந்தது, அதே இடத்தில் விட்டேன்.

எல்லாருக்கும் நன்றி.

கிண்ணியா நானா | திங்கள், இரவு 8.00

அல்ஹம்துலில்லாஹ். செங்கல் தூள்?

சாம்பல்தீவு வாசி | வெள்ளி, இரவு 7.20

நானா, நீங்கள் கேட்டபோது நான் பதில் எழுதவில்லை. நான்கு நாள் நன்றாக ஓடியது. இன்று நிலாவெளியிலிருந்து திரும்பும்போது மறுபடி அதே நோய். வடித்துப் பார்த்தேன். நீர் இல்லை. செங்கல் தூள் இருக்கிறது, முன்பைவிட அதிகம்.

கிண்ணியா நானா | வெள்ளி, இரவு 8.15

மனம் தளராதீர்கள். நீங்கள் செய்த வேலையில் பிழையில்லை. அழுக்கு காபரேட்டரில் பிறக்கவில்லை, தாங்கியில் பிறக்கிறது. பாதித் தாங்கியோடு மழைக்காலம் முழுக்க நின்ற வண்டி. வெறுமையாக இருந்த மேல்பாதியில் ஈரம் படிந்து துருப்பிடித்திருக்கிறது. மூடியின் இறப்பரும் காய்ந்திருக்கும், நீர் அந்த வழியாகவும் இறங்கியிருக்கலாம். பாலம் வருவதற்கு முன், 2009 வரைக்கும், கிண்ணியாப் பாதையில், அதாவது வண்டிகளை ஏற்றிக் கடக்கும் படகில், தினம் ஏறி இறங்கிய வண்டிகளுக்கு நான் இதே வேலையைத்தான் அதிகம் செய்தேன்.

தாங்கியை இறக்குங்கள். டெப்பைக் கழற்றினால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சல்லடைக் குழாய் கிழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு தூள் கீழே வராது. பெற்றோல் முழுவதையும் எடுத்துவிட்டு, ஆவி போகும் வரை நீரால் இரண்டு முறை கழுவி, டெப் துளையை அடைத்து, வினாகிரி நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கையளவு சிறிய சங்கிலியைப் போட்டு ஆட்டினால் துரு உதிரும். சங்கிலியை எடுக்க மறக்காதீர்கள். பிறகு நீர், அப்பச்சோடா நீர், மறுபடி நீர். காய்வதில்தான் வேகம் வேண்டும். கழுவிய இரும்பு நம் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கும். வெயிலில் வைத்துக் காற்றடித்து, காய்ந்தவுடன் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் கலந்த பெற்றோலை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுங்கள்.

டெப்புக்கும் காபரேட்டருக்கும் இடையில் சிறு வடிகட்டி ஒன்றும் போடுங்கள். நம் வண்டிகளில் பெற்றோல் தன் பாரத்தாலேயே இறங்குகிறது, பம்பு இல்லை. ஆகவே கார்களுக்கான அடர்த்தியான வடிகட்டி வேண்டாம், மோட்டார் சைக்கிளுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள்.

தங்கூசி | வெள்ளி, இரவு 9.00

வடிகட்டி ஒளி புகும் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. ஒவ்வொரு நாளும் குனிந்து ஒரு பார்வை போதும்.

சாம்பல்தீவு வாசி | அடுத்த வாரம், ஞாயிறு, மாலை 5.10

சல்லடை நானா சொன்னபடியே கிழிந்திருந்தது. வினாகிரி தேநீர் நிறமாக வெளியே வந்தது. தாங்கி, டெப், மூடி இறப்பர், வடிகட்டி எல்லாம் முடித்து, காபரேட்டரை மறுபடி கழற்றிக் கழுவினேன். இரண்டாவது முறை நாற்பது நிமிடம்தான் எடுத்தது.

நேற்று அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மூதூர் போய் வந்தோம். கிண்ணியாப் பாலத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்றோம். அப்பா கைப்பிடியைத் தொடாமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வடிகட்டி இன்று காலையும் தெளிவாக இருக்கிறது.

இன்றிரவுத் தபால் ரயிலில் கொழும்பு திரும்புகிறேன். அப்பா இன்னும் ஒரு மாதத்துக்கு ஓட்டமாட்டார். தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, டெப்பை மூடி, கிண்ணத்தை வடித்து வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

கிண்ணியா நானா | ஞாயிறு, மாலை 6.25

வேறொன்றும் வேண்டாம். ஓட்டத் தொடங்கும் நாளில் டெப்பைத் திறந்தவுடனே உதைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடமாவது வேண்டும். அவருக்கு அந்த முழங்கால் இன்னும் ஆறவேண்டுமல்லவா.